சர்க்கரையும் கொதிப்பும்: கூட்டினால் வருமா கணக்கு?

கவரைப்பேட்டையில் என் வைத்தியசாலைக்குச் சர்க்கரை வியாதிக்காக வரும் ஓர் அம்மா, போன மாதம் ஒரு பேப்பர் துண்டை நீட்டினார். "ஐயா, நூத்துக்கு 11 பேருக்கு சர்க்கரை, 35 பேருக்கு ரத்தக் கொதிப்புன்னு போட்டிருக்கான். கூட்டினா 46. அப்ப மீதி 54 பேரு தப்பிச்சாங்கதானே?"

அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இண்டியாப்' ஆய்வு. நாடு முழுக்க 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்து, 2023-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை 11.4 சதவீதம், கொதிப்பு 35.5 சதவீதம்.

அம்மாவின் கூட்டல் சரி, விடைதான் தப்பு. இரண்டும் உள்ளவரை இரண்டு தடவை எண்ணிவிட்டாரே! சர்க்கரைக்காரர் எல்லோருக்குமே கொதிப்பும் இருந்தால், பாதிக்கப்பட்டவர் மொத்தமே 35.5 சதவீதம்தான். ஒருவருக்குக்கூட இரண்டும் இல்லையென்றால் சுமார் 47. உண்மை இதற்கு நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதை இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

சிலர் இரண்டு சதவீதத்தையும் பெருக்கி, 'நூற்றுக்கு 4 பேருக்கு இரண்டும் இருக்கும்' என்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயத்துக்குத்தான் அந்தப் பெருக்கல். இவை இரண்டும் பங்காளிகள் ஆயிற்றே! தொப்பை, உப்பு, உட்கார்ந்த வேலை, தூக்கம் கெடுக்கும் நைட் ஷிப்ட் (கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கேட்கவே வேண்டாம்) இரண்டையும் சேர்த்தே அழைத்து வரும்.

ஒரு பேச்சுக்கு, முகாமில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 20 பேருக்கு, கொதிப்பு 30 பேருக்கு, இரண்டும் 12 பேருக்கு. 20-ஐயும் 30-ஐயும் கூட்டி, 12-ஐக் கழித்தால் 38. ஒன்றுமே இல்லாதவர் 62 பேர். இன்னும் பாருங்கள்: சர்க்கரை உள்ள 20 பேரில் 12 பேருக்குக் கொதிப்பு, அதாவது 60 சதவீதம். சர்க்கரை இல்லாத 80 பேரில் 18 பேருக்குத்தான். 23 சதவீதம்கூட வரவில்லை. திருப்பிக் கேட்டால் விடை மாறும்: கொதிப்பு உள்ள 30 பேரில் சர்க்கரை உள்ளவர் 40 சதவீதம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு, இரண்டும் என்று தனித்தனியாகக் கணக்கு எடுப்பதும் இதற்காகத்தான். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகமும் கண்ணும் சீக்கிரம் கெடும்.

"நீங்க கடைசியா எப்பம்மா பிரஷர் பார்த்தீங்க?" என்றேன்.

"எனக்குத்தான் தலைசுத்தல்கூட இல்லையே ஐயா!"

பட்டையைக் கட்டிப் பார்த்தேன். 160-க்கு 100. சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், அதேதான். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சீட்டு எழுதிக் கொடுத்து, அன்றைக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன்.