நைமேகன்: நதிக்கு வழிவிட்ட நகரம்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஆர்னெம் தாண்டிய சற்று நேரத்தில் சக்கரங்களின் சத்தம் மாறுகிறது. ஜன்னலுக்குக் கீழே அகன்ற, பழுப்பு நிற நதி. அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குப் படகுகள். எதிரே மேட்டின் மீது செங்கல் நிறத்தில் ஊர். கையில் புத்தகம் இருந்தால் மூடிவிடலாம். நைமேகனை முதன்முதலாகப் பார்க்க இந்த ரயில் பாலத்தை விட நல்ல இடம் இல்லை.

நதியின் பெயர் வால். தமிழ்க் காதுக்கு வேடிக்கையாகப் பட்டாலும் பொருத்தமான பெயர்தான். ஜெர்மனியிலிருந்து வரும் ரைன், நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் பிரிகிறது. அதன் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை கடலை நோக்கிக் கொண்டுபோவது இந்த வால்தான். ராட்டர்டாம் துறைமுகத்தையும் ஜெர்மானியத் தொழில் நகரங்களையும் இணைக்கும் நீர்வழி என்பதால் படகுகளுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

முதல் நாளே அருங்காட்சியக வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. க்ரோட்டே மார்க்ட் என்ற பழைய சந்தைச் சதுக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். காப்பி வரும், கூடவே கனத்த துண்டாக ஆப்பிள் பை. எதிரே 1612-ல் கட்டிய எடைக்கூடம். நடுவே சிலையாக நிற்கும் பெண் மாரிகன், சாத்தானுடன் ஏழு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு மனம் திருந்தியதாகச் சொல்லும் பழைய டச்சு நாடகத்தின் நாயகி. எந்த ஊர்தான் இப்படி ஒருத்திக்குச் சந்தையின் நடுவே இடம் கொடுக்கும்!

வயது விஷயத்தில் நைமேகன்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நாட்டின் மிகப் பழைய நகரம் தங்களுடையதுதான் என்று 2005-ல் 2,000-வது ஆண்டு கொண்டாடினார்கள். தெற்கே மாஸ் நதிக்கரையில் இருக்கும் மாஸ்ட்ரிக்ட் இதை ஒப்புக்கொள்வதில்லை. ரோமானியர்கள் வைத்த பெயர் நொவியோமகஸ், அதாவது புதுச் சந்தை. அதுவே தேய்ந்து நைமேகன் ஆயிற்று.

சதுக்கத்திலிருந்து கிழக்கே சிறிது நடந்தால் வால்கோஃப் பூங்கா. சார்லமேன் அரண்மனை கட்டிய குன்று இது. 1155-ல் பார்பரோசா சக்கரவர்த்தி புதுப்பித்தார். படையெடுத்து வந்தவர்கள் யாரும் அதை இடிக்கவில்லை. 1796-97-ல் உள்ளூர் ஆட்சியாளர்களே இடித்துக் கல்லை விற்றுக் காசாக்கினார்கள். மிஞ்சியது எண்கோண வடிவில் ஒரு சிறு தேவாலயமும், பார்பரோசா காலத்துச் சுவர் ஒன்றும். தேவாலயத்தின் வயது சுமார் ஆயிரம் ஆண்டு. அங்கிருந்து கீழே பார்த்தால் நதியும், 1936-ல் திறந்த வளைவுப் பாலமும் முழுதாகத் தெரிகின்றன.

திரும்பி ஊருக்குள் வரும்போதுதான் ஏதோ உறுத்துகிறது. இரண்டாயிரம் வயது சொல்லும் நகரத்தின் நடுப்பகுதியில், பழைய தெருக்கள் திடீரென்று அறுந்து, ஐம்பதுகளின் தட்டையான கட்டடங்கள் தொடங்குகின்றன. ஒரு சதுக்கத்தின் பெயரே '1944'. அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று, ஜெர்மனிக்குள் தாக்கப்போய் இலக்கை அடையாமல் திரும்பிய அமெரிக்க விமானங்கள், இதையும் ஜெர்மன் ஊர் என்று நினைத்துக் குண்டு வீசின. சுமார் 800 பேர் இறந்தார்கள். ஒரு மழலையர் பள்ளியில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். பள்ளி இருந்த இடத்தில் நினைவுச் சின்னமாக இப்போது ஓர் ஊஞ்சல் இருக்கிறது. குண்டு போட்டவர்கள் நண்பர்கள். ஏறக்குறைய ஏழு மாதம் கழித்து விடுதலை வாங்கித் தந்தவர்களும் அவர்களே. அழுவதற்கும் கூச்சப்பட்டது போல ஊர் பல ஆண்டுகள் இதைப் பற்றி உரக்கப் பேசவில்லை.

பிற்பகலில் சரிவான தெருக்களில் இறங்கி நதிக்கரைக்குப் போகலாம். தட்டை நாடான நெதர்லாந்தில் சரிவு என்பதே ஒரு வேடிக்கை. எதிர்க்கரையில் லெண்ட் கிராமம். 1995-ன் தொடக்கத்தில் நதிகள் பொங்கியபோது நாட்டில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. கரையை மேலும் மேலும் உயர்த்துவதுதான் அதுவரை டச்சுக்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம். நைமேகனிலோ நதி சட்டென்று வளைந்து குறுகுகிறது. உயர்த்தி மட்டும் பயனில்லை. ஆகவே லெண்ட் பக்கத்துக் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். புதிதாக ஒரு கிளைக் கால்வாய் வெட்டினார்கள். சுமார் 50 வீடுகள் இடிபட்டன. நதிக்காக வீட்டைக் கொடு என்றால் யார்தான் சந்தோஷப்படுவார்கள்? எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பேச்சும் இழுபறியுமாக ஆண்டுகள் கழிந்து, 2016-ல் வேலை முடிந்தது. பழைய கரைக்கும் புதுக் கால்வாய்க்கும் நடுவே தீவு ஒன்று உருவாகிவிட்டது. வெள்ளக் காலத்தில் தண்ணீர் பரவ இடம் கிடைத்தது. கோடையில் இளைஞர்கள் கால்வாய் மணலில் துண்டை விரித்துப் படுத்துக் கிடக்கிறார்கள். நதியில் மட்டும் யாரும் இறங்கக் கூடாது. படகுகளின் இழுப்பு ஆளை விடாது.

சூரியன் சாயும் நேரத்தில் மேற்கே, 2013-ல் திறந்த புதுப் பாலத்துக்கு வந்துவிட வேண்டும். பெயர் டி ஓவர்ஸ்டேக், கடத்தல் என்று பொருள். 1944 செப்டம்பர் 20 அன்று பட்டப்பகலில், கித்தான் பக்கங்கள் வைத்த படகுகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் இங்கேதான் நதியைக் கடந்தார்கள். துடுப்பு போதாமல் சிலர் துப்பாக்கிக் கட்டையால் தண்ணீரைத் தள்ளினார்கள். எதிர்க்கரையிலிருந்து ஜெர்மானியர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். 48 பேர் திரும்பவில்லை.

பாலத்தில் 48 ஜோடி விளக்குகள். மாலையில் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மெதுவாக நடக்கும் ஒரு சிப்பாயின் நடை வேகத்தில், ஜோடி ஜோடியாக எரிந்துகொண்டு போகின்றன. 2014 அக்டோபரிலிருந்து முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் தினமும் அந்த ஒளியோடு சேர்ந்து நடக்கிறார், மழையானாலும் பனியானாலும். விரும்புகிறவர்கள் பின்னால் நடக்கலாம். அனுமதிச் சீட்டு கிடையாது, உரை கிடையாது. பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குள் பக்கத்திலேயே வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். கீழே ஒரு நிலக்கரிப் படகு ஜெர்மனி பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.