துணிந்துரைத்த சொல்

புண்ணை மூடி மறைத்தால் அது ஆறுவதில்லை, உள்ளேயே புரையோடும். சமுதாயத்தில் நிகழும் கொடுமைகளும் அத்தகையனவே. பெண்டிர்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமை, நெடுங்காலம் வெளியே சொல்லப்படாத கொடுமையாகவே இருந்து வந்தது. தீங்கிழைத்தவன் தலைநிமிர்ந்து நடந்தான். தீங்குக்கு உள்ளானவளோ தலைகுனிந்து ஒடுங்கினாள். குடும்பத்தின் மானம் போய்விடும் என்னும் அச்சம் அவள் வாயைப் பூட்டியது. அப்பூட்டைத் திறந்த பெண்மணிகளுள் ஒருவர் இராசஸ்தான் மாநிலத்துப் பன்வாரி தேவி ஆவார். அவர் துணிந்துரைத்த சொல் நாட்டின் சட்டமாக மலர்ந்த வரலாறு அறியத்தக்கது.

செய்ப்பூர் நகருக்கு அண்மையில் பட்டேரி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் குயவர் குடியைச் சேர்ந்த பன்வாரி தேவி, 1985 ஆம் ஆண்டு முதல் மாநில அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப்பணியாளராகத் தொண்டாற்றினார். அப்பணியாளரைச் 'சாத்தின்' என்று அழைப்பர். தோழி என்பது அதன் பொருள். குழந்தை மணத்தைத் தடுப்பதும் அவருடைய கடமைகளுள் ஒன்று. 1992 ஆம் ஆண்டில் செல்வாக்கு மிக்க குடும்பமொன்று, ஓராண்டும் நிரம்பாத பெண்குழந்தைக்கு மணம் முடிக்க முற்பட்டது. அதனைத் தடுக்க அவர் முயன்றார். ஊரார் அவரைப் பகைத்தனர். அவர் குடும்பத்தார் செய்த மட்பாண்டங்களை வாங்கவும் மறுத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 22 ஆம் நாள், கணவருடன் வயலில் இருந்த அவரைச் சிலர் தாக்கிப் பாலியல் வன்கொடுமை புரிந்தனர்.

பிறர் மறைத்திருப்பர், பன்வாரி தேவி மறைத்தாரல்லர். காவல் நிலையம் சென்று நடந்ததை உரைத்தார். ஆங்கு அவருக்குக் கிடைத்தது ஆறுதலன்று, ஐயமே. மருத்துவ ஆய்வும் இரண்டு நாட்கள் கடந்த பின்னரே நடைபெற்றது. 1995 ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பாலியல் வன்கொடுமைக் குற்றத்தினின்றும் விடுவித்தது. அதனை எதிர்த்துச் செய்த மேல்முறையீடோ இருபதாண்டுகள் கடந்த பின்னும் முடிவு காணவில்லை.

எனினும், அவர் சொல் வீண்போகவில்லை. கடமையைச் செய்ததன் காரணமாகவே ஒரு பெண் துன்புற்றாள் எனின், பணிபுரியும் பெண்களுக்குப் பாதுகாப்பு யாது என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. 'விசாகா' முதலிய மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 1997 ஆகஸ்ட் 13 ஆம் நாள், தலைமை நீதிபதி வர்மா தலைமையில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பணியிடத்தில் பெண்ணுக்கு நேரும் பாலியல் தொல்லை, அரசியலமைப்பு வழங்கிய சமத்துவ உரிமையையும் தொழில் புரியும் உரிமையையும் மாண்புடன் வாழும் உரிமையையும் பறிப்பதாகும் என்று அவர்கள் அறுதியிட்டனர். விரும்பத்தகாத தொடுதலும் இழிந்த பேச்சும் தொல்லையே என வரையறுத்து, சட்டம் இயற்றப்படும் வரை யாவரும் பின்பற்றுதற்குரிய நெறிமுறைகளையும் வகுத்தனர்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2013 இல் நாடாளுமன்றம் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அதன்படி, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவரோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் முறையீட்டை விசாரிக்க ஒரு குழு அமைத்தல் வேண்டும். குழுவின் தலைவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிக்குக் குறையாதோர் பெண்களாதல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெறல் வேண்டும். விசாரணை 90 நாட்களுள் முடிதல் வேண்டும். முறையிட்டவரின் பெயரை வெளியிடலாகாது. சிறு கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பெண்கள், மாவட்டந்தோறும் உள்ள குழுவிடம் முறையிடலாம்.

'அன்றே ஏன் சொல்லவில்லை?' என்று வினவுவோர் உளர். அச்சமும் நாணமும், பிழைப்புப் போய்விடுமோ என்னும் கவலையும் பல்லாண்டுகள் ஒருவரை ஊமையாக்கிவிடும். 2017 ஆம் ஆண்டில் 'நானும்' என்ற பொருளுடைய 'மீ டூ' என்னும் சொல் உலகெங்கும் பரவியபோது, எண்ணற்ற பெண்கள் பழைய துன்பங்களை வெளியிட்டனர். இந்தியாவில் அவ்வாறு உரைத்த பத்திரிகையாளர் ஒருவர்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. 2021 பிப்ரவரியில் தில்லி நீதிமன்றம் அவரை விடுவித்து, பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் தன் குறையை எடுத்துரைக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு எனக் கூறியது.

ஒருவர் வாய்திறத்தலால் விளையும் பயன் பலவாகும். தாம் தனித்தில்லை எனப் பிறர் தெளிவர், தீயோர் அஞ்சுவர், இல்லாத சட்டம் பிறக்கும். ஆயினும் அப்பயனுக்குரிய விலையைப் பெரும்பாலும் உரைத்தவரே கொடுக்கின்றனர். தமக்குக் கிட்டாத நீதியைப் பன்வாரி தேவி பிறர்க்குப் பெற்றுத் தந்தார். ஆகவே, சொல்வது துன்புற்றோரின் உரிமை எனின், பழிக்காது கேட்பது ஏனையோரின் கடமையாகும்.

சிறாருக்கு நேரும் பாலியல் கொடுமையை அறிந்தவர், அதனைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என 2012 ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கின்றது. 1098 என்னும் தொலைபேசி எண் சிறாருக்கும், 181 என்னும் எண் மகளிருக்கும் உதவக் காத்திருக்கின்றன. நாணவேண்டியவர் தீங்கு செய்தவரேயன்றித் தீங்குற்றவர் அல்லர். இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்தோர் வாழும் நாட்டில், எந்தப் பெண்ணும் வாய்மூடி வருந்த நேராது.