புத்திர சோகமும் ஒரு பியானோவும்

புத்திர சோகம் தசரதனை மட்டும்தானா வாட்டியது? ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஐஸ்லாந்துத் தீவில் ஈகில் என்றொரு வீரர் இருந்தார். வாள் எடுத்தாலும் சரி, கவி பாடினாலும் சரி, அவருக்கு நிகர் இல்லை. அவருடைய அருமை மகன் பொத்வார், மரம் ஏற்றி வரப் படகில் போனான். புயலில் படகு கவிழ்ந்தது. பிள்ளையின் உடல்தான் கரை சேர்ந்தது.

மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த ஈகில், படுக்கை அறைக்குள் தாழிட்டுக்கொண்டார். அன்னம் இல்லை, தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி, கட்டிக்கொடுத்த மகள் தோர்கெர்த்துக்கு ஆள் அனுப்பினாள்.

வந்தவள் புத்திமதி சொன்னாள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை! ‘நானும் உங்களோடு சாகத்தான் வந்தேன்’ என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்தாள். சற்று நேரத்தில் எதையோ மென்றாள். கடற்பாசியாம், தின்றால் சாவு சீக்கிரம் வருமாம். தகப்பனாரும் வாங்கி மென்றார். உப்புப் பாசி அல்லவா? தாகம் வாட்டியது. கொம்புக் குவளையை வாங்கி மடமடவென்று குடித்தார். உள்ளே இருந்தது பால்! ‘ஐயோ, நம்மை ஏமாற்றிவிட்டார்களே!’ என்று அங்கலாய்த்தாள் அந்தக் கெட்டிக்காரி.

பிறகு மெள்ளச் சொன்னாள்: பொத்வாருக்கு இரங்கற்பா பாட உங்களை விட்டால் யார்? நீங்கள் பாடுங்கள், நான் கோலில் எழுத்து வெட்டுகிறேன், அப்புறம் சாகலாம். பாட்டு வளர வளர, ஈகிலின் உடம்பில் தெம்பும் வளர்ந்தது. முடித்ததும் எழுந்து வந்து, தம் ஆசனத்தில் அமர்ந்தார்.

‘ஸோனாடொர்ரெக்’ என்ற அந்தப் பாட்டின் சொற்கள் பிழைத்துவிட்டன, மெட்டுப் பிழைக்கவில்லை. மெட்டே தெரியாத பாட்டுக்கு இசை அமைப்பது எப்படி?

வழி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நம் மோனையைப் போல, சொற்களின் முதல் ஒலி ஒன்றி வரும். அழுத்தமும் அங்கேதான் விழும். தாளத்தின் அடியை அதன்மேல் போட வேண்டும். ஆனால் ஓர் அடியில் மூன்று அசை, அடுத்ததில் நான்கு என்று மாறி மாறி வருவதால், தாளமும் வளைந்து கொடுக்க வேண்டும்!

இப்படிப் பழங்கவிகளுக்கு இசை அமைத்தவர் யோன் லெய்ஃப்ஸ் (1899–1968). ஜெர்மனியில் சங்கீதம் படித்த ஐஸ்லாந்துக்காரர். 1920-களில் சொந்த நாட்டுக் கிராமங்களில் அலைந்து, நாட்டுப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அங்கே இருவர் சேர்ந்து பாடினால், ஒருவர் ஷட்ஜமம், மற்றவர் பஞ்சமம் என்று அதே இடைவெளியில் கூடவே நகர்வது உண்டு. ஐரோப்பியப் பாடசாலைகள் குற்றம் என்று தள்ளிய அந்த முறையை, லெய்ஃப்ஸ் தம் இசைக்கு ஆதாரமாக்கினார்.

அவருக்கு லீஃப் என்று ஒரு மகள். ‘உயிர்’ என்று பொருள். 1947-ல், பதினேழு வயதில், ஸ்வீடன் நாட்டுக் கடலில் நீந்தப் போனவள் திரும்பவில்லை.

அந்தத் தகப்பனும் பாட்டைத்தான் நாடினார். மகளின் நினைவாக அவர் எழுதிய நான்கு படைப்புகளில் ஒன்று ‘டொர்ரெக்’. பேரிழப்பு என்று அர்த்தம். ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவே. சொற்களுக்கு அவர் தேடிப் போனது, கடலுக்கு மகனைக் கொடுத்த ஈகிலிடம்!

துக்க வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறோம் அல்லவா? அப்போது தோர்கெர்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு வாய் பால் கொடுத்தாள். போனவனைப் பற்றிப் பேச வைத்தாள்.