கொழுப்பே சுரக்கும் சர்க்கரைக் காவல்

அடிபோனெக்டின், கொழுப்பு செல்கள் சுரக்கும் ஹார்மோன். 1995-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விடுவதை இது மட்டுப்படுத்துகிறது. தசைகள் கொழுப்பை எரிக்கவும் இன்சுலினுக்கு இணங்கவும் உதவுகிறது. விநோதம் என்னவென்றால், கொழுப்பு கூடக்கூட இதன் சுரப்பு குறைகிறது. அதிலும் வயிற்றுக்குள், குடலைச் சுற்றிப் படியும் கொழுப்புதான் மோசம். கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னால் என்ற நம்மூர் உடல்வாகுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வர இதுவும் ஒரு காரணம்.

இந்த ஹார்மோன் குறைந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று சென்னையில் டாக்டர் சி. சினேகலதா, டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பையோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை இந்த ஹார்மோனின் அளவை உயர்த்துகிறது. உடல் எடையை நன்றாகக் குறைத்தாலும் உயரும்.