நுண்ணுயிர்க் கதைகள் – 17: பசுவிடம் வாங்கிய மரபணு

1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப் குழுவினர், வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் ரோட்டா வைரஸைக் கண்டதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனுக்கு ஒரு முகம் இல்லை.

ரோட்டாவின் மரபுப்பொருள் 11 தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை ரோட்டா ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால், பிறக்கும் வைரஸ்கள் இரண்டிடமிருந்தும் துண்டுகளை எடுத்துக் கலந்துகொள்ளும். மனித ரோட்டாவும் மாட்டு ரோட்டாவும்கூட இப்படிக் கலந்திருக்கின்றன.

வகைக்குப் பெயரிடுவது இரண்டே துண்டுகளை வைத்து. வெளியுறைப் புரதத்துக்கு ஒரு ‘ஜி’ எண். அதில் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்துக்கு ஒரு ‘பி’ எண். உலகெங்கும் குழந்தைகளைப் படுக்கவைத்ததில் முதலிடம் நெடுங்காலம் ஜி1-பி8க்குத்தான். மீதி ஒன்பது துண்டுகள் இந்தப் பெயரில் வருவதே இல்லை. ராசி, நட்சத்திரம் மட்டும் கேட்டுவிட்டு ஜாதகக் கட்டத்தைப் பார்க்காமலே வரனை முடிப்பதுபோல. 2008இல் 11 துண்டுகளையும் சேர்த்துப் பெயரிடும் முறை வந்தது. இருந்தும் பேச்சுவழக்கில் இன்னும் ஜியும் பியும்தான்.

1980களின் நடுவில் தில்லி எய்ம்ஸில், பிறந்த சில நாளே ஆன குழந்தைகளிடம் ஜி9-பி11 பரவியது. பேதி இல்லை, வாந்தி இல்லை. எம்.கே. பான் குழுவினர் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் கடுமையான ரோட்டா பேதி அவர்களுக்குக் குறைவாகவே வந்தது. அந்த வைரஸின் முள் மட்டும் மாட்டு வழி வந்தது, மற்றவை மனித வைரஸினுடையவை. 116இ என்று பெயரிடப்பட்ட அதிலிருந்துதான் பாரத் பயோடெக்கின் ரோட்டாவாக் சொட்டு மருந்து பிறந்தது. 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து சேர்ந்தது.

பெங்களூரில் கிடைத்தது ஜி10-பி11. அதன் 11 துண்டுகளில் ஒன்பது மாட்டு வைரஸினுடையவை! அங்கும் குழந்தைகளுக்கு அறிகுறி இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில்தான் கணக்கு பிசகியது. அதே ஜி10-பி11, அதே பச்சிளம் பருவம். ஆனால் அங்கே பல குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. ககன்தீப் காங் குழுவினர் வேலூர்க் குடியிருப்புகளில் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த குழந்தைகளிடம் பார்த்தபோது, இந்த வகையின் ஆரம்பத் தொற்று பிந்தைய தொற்றுகளைத் தடுக்கவும் இல்லை. தில்லியில் காவல் காத்த அதே பி11தான் இங்கேயும் இருந்தது.

பி11 முள், பச்சிளம் குடலில் உள்ள, இன்னும் முழுமை பெறாத சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்கிறது. நோய் வந்த குழந்தைகளின் தாய்மார்களுடைய பாலில் சில சர்க்கரைகள் கூடுதலாக இருந்ததும், ஆய்வகத்தில் அவை இந்த வைரஸின் தொற்றும் திறனைக் கூட்டியதும் 2018இல் வெளியாயின. (இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டாம், மற்ற கிருமிகளிடமிருந்து அது தரும் காப்பு மிகப் பெரியது.)

ரோட்டாவாக் பரிசோதனை தில்லி, புணே, வேலூரில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் நடந்தது. கடும் பேதியைத் தடுத்தது பாதிக்குச் சற்று மேல். ஜியும் பியும் தன்னோடு ஒத்துப்போகாத ஜி1-பி8ஐயும் அது எதிர்த்தது என்பதுதான் எனக்குச் சுவையான செய்தி.

மெக்சிகோவில் இரண்டு தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடும் பேதி வரவே இல்லை. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.