மிக்ஸர் வாங்குமுன் மைக்கை எண்ணுங்கள்

வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி ஒலிப்பதிவுத் தொழில் செய்யும் ஆர்வம் எமது இளைஞர்களிடையே வளர்ந்து வருகிறது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என எந்த ஊரை எடுத்தாலும் கடை விளம்பரம், முச்சக்கரவண்டி அறிவித்தல், கல்யாண வீடியோவுக்கான பின்னணிக் குரல், இஸ்லாமிய கீதம், பயான் பதிவு என்று வேலைகள் உண்டு. ஒலிபெருக்கிச் சாதனங்களோடு பழகியவன் என்பதால், பிள்ளைக்கு இத்தொழிலை அமைத்துக் கொடுக்க விரும்பும் வியாபார நண்பர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. "எத்தனை செனல் மிக்ஸர் வாங்கலாம்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. "ஒரே நேரத்தில் எத்தனை மைக் வேலை செய்யப் போகிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இக்கேள்விக்கு விடை தெரியாமல் பணத்தை எடுப்பது ஆபத்தானது.

பெட்டியில் உள்ள எண்

மிக்ஸரின் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. பெஹ்ரிங்கர் ஸெனிக்ஸ் 802 என்ற சிறிய மிக்ஸரில் மைக் பொருத்தும் இடங்கள் 2 மட்டுமே. 1202 இல் 4. யமஹா எம்.ஜி.10 எக்ஸ்.யூ. 10 செனல் என்று விற்கப்பட்டாலும் அதிலும் மைக் இடங்கள் 4 தான். மற்றவை கீபோர்ட், கணனி, கைத்தொலைபேசி போன்றவற்றை இணைப்பதற்கானவை. அவற்றில் இடது, வலது என்ற ஒரு சோடியை இரண்டு செனலாகக் கணக்கிடுகிறார்கள்.

தனியாக அமர்ந்து விளம்பரம் வாசிப்பவருக்கு ஒரு மைக் போதும். இருவர் உரையாடினால் இரண்டு. அதற்கு மேல் வாங்கும் இடங்கள் அலுமாரியில் விற்காமல் கிடக்கும் சரக்குக்குச் சமம். முதல் முடங்கும், வருமானம் வராது.

கலந்த பின் பிரிக்க முடியாது

அடுத்து யூ.எஸ்.பி. வசதி. இது இருந்தால் ஒவ்வொரு மைக்கும் கணனியில் தனித்தனியாகப் பதிவாகும் என்று பலர் நினைக்கின்றனர். மலிவு மிக்ஸர்களில் பெரும்பாலானவை எல்லாக் குரல்களையும் கலந்து இடது, வலது என்ற இரண்டு தடங்களாகவே அனுப்புகின்றன. மேற்சொன்ன யமஹாவும் அப்படித்தான். பதிவு முடிந்த பின் ஒருவரின் குரலை மட்டும் கூட்ட வேண்டுமென்றால் வழியில்லை. கலக்கிய தேநீரிலிருந்து சீனியை மட்டும் எடுக்க முடியுமா? தனித்தனித் தடங்கள் வேண்டுமானால் சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்.டி.கே., ஸூம் லைவ்ட்ராக் எல்-8 போன்றவற்றுக்குச் செல்ல வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஆகவே பலருக்குத் தேவை மிக்ஸரே அல்ல. கணனியோடு இணைக்கும், இரண்டு மைக் இடங்கள் கொண்ட ஓடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி போதும். வாத்தியமின்றிக் குரல்களை அடுக்கிப் பாடும் கீதங்களையே எடுத்துக் கொள்ளுங்கள். ஒரே பாடகர் முதற் குரலைப் பதிந்து, அதைக் கேட்டவாறே இரண்டாம், மூன்றாம் குரல்களைப் பதியலாம். பத்துக் குரல் கேட்கும் கீதத்துக்கும் ஒரு மைக் போதுமானது. மூன்று நான்கு பேர் நேரலையில் கலந்துரையாடினாலோ, அதே சாதனத்தை மண்டப நிகழ்வுகளுக்கு வாடகைக்கு விடுவதானாலோ மிக்ஸர் வாங்குவதில் நியாயம் உண்டு. எதை வாங்கினாலும், கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை என்பதால் அவ்வசதி இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

அறைக்கும் பங்கு கொடுங்கள்

எமது மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் ஓசையை 1848 இல் கேட்ட ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட், 1859 இல் வெளிவந்த தனது இலங்கை பற்றிய நூலில் அதை விவரித்துள்ளார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெரிதும் கூடியது என்கிறார். ஒலிப்பதிவின் அடிப்படையும் இதுவே. சுற்றுப்புறம் அமைதியாக இருக்க வேண்டும், மைக் வாய்க்கு அருகில் இருக்க வேண்டும். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊரில் வீதி இரைச்சலும் மின்விசிறிச் சத்தமும் எந்த விலையுயர்ந்த மிக்ஸருக்குள்ளும் புகுந்துவிடும். தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, துணி நிறைந்த அலுமாரி ஆகியவை சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியைக் குறைக்கும். வெளிச்சத்தத்துக்குக் கதவு, யன்னல் இடுக்குகளை அடைப்பதே வழி. மிக்ஸரில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இவற்றுக்கும் ஒரு நல்ல மைக்குக்கும் செலவிடுங்கள்.

வாங்கும்போது

2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றதை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். இறக்குமதிச் சாதனத்தின் உதிரிப்பாகமும் அதே வழியில்தான் வருகிறது. ஸெனிக்ஸ் 802, எம்.ஜி.10 எக்ஸ்.யூ. ஆகியவற்றின் அடாப்டர்கள் தனிவகையானவை. சாதாரணக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் அடாப்டர் பொருந்தாது. ஆகவே மாற்று அடாப்டர் கிடைக்குமா, உத்தரவாதத்தை யார் பொறுப்பேற்பது என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வருவதானால் அடாப்டர் 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பாவித்த சாதனமானால் இன்னும் கவனம் தேவை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எமது ஊர்களின் உப்புக் காற்றும் ஈரப்பதனும் உள்ளிணைப்புகளை அரிக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்று கேட்டால் விலகி விடுங்கள். மைக்கை இணைத்து, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். இரைச்சல் அதிகமென்றால் வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்பார்.

புறக்கோட்டைக்கு பஸ் ஏறுமுன் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக், தனித்தனித் தடம் வேண்டுமா, மாதம் எத்தனை வேலை உறுதியாகக் கிடைக்கும். கடைக்காரர் எத்தனை விளக்குகள் மினுங்கும் பெட்டியைக் காட்டினாலும், பணப்பையைத் திறக்குமுன் அந்தத் தாளை ஒருமுறை பாருங்கள்.