வந்து சேராத மின்சார ரயில்: வட லண்டன் கிளைப்பாதை ஒன்றின் எழுச்சியும் வீழ்ச்சியும்

வட லண்டனில் உள்ள ஹைகேட் நிலத்தடி ரயில் நிலையத்தில் நாள்தோறும் இறங்குபவர்களில் தமிழர்களும் உண்டு. ஆர்ச்வே வீதியில் அமைந்துள்ள ஹைகேட்ஹில் முருகன் கோவிலுக்குச் செல்பவர்கள் பயன்படுத்தும் நிலையம் அது. ஆழத்திலிருந்து நகரும் படிக்கட்டு வழியாக மேலே வரும் பயணிகளில் பலர், தங்கள் பாதைக்கு மிக அருகிலேயே இன்னொரு ரயில் நிலையம் இருப்பதைக் கவனிப்பதில்லை. மரங்கள் மூடிய ஒரு பள்ளத்தில், தண்டவாளங்கள் அகற்றப்பட்ட நிலையில், அதன் நடைமேடை இன்னமும் நிற்கிறது. இரு பக்கமும் உள்ள சுரங்கங்களில் வௌவால்கள் குடியிருக்கின்றன. அங்கு கடைசிப் பயணிகள் ரயில் வந்து சென்றது 1954ஆம் ஆண்டில்.

ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஸ்ட்ரவுட் கிரீன், கிரவுச் எண்ட், ஹைகேட் வழியாகச் சென்று, அங்கிருந்து கிளை பிரிந்து, கிரான்லி கார்டன்ஸ், மஸ்வெல் ஹில் ஆகிய நிலையங்களைக் கடந்து அலெக்சாண்ட்ரா பேலஸ் வரை சென்ற புறநகர் ரயில் பாதை அது. பயணிகள் இல்லாத காரணத்தால் அது மூடப்பட்டது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் தவறானதல்ல. ஆனால் பயணிகள் எப்படி இல்லாமற்போனார்கள் என்ற கேள்விக்கு அது பதில் தருவதில்லை.

மாளிகைக்காக ஒரு பாதை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனின் வடக்கே இருந்த குன்றுகள் பெரும்பாலும் வயல்களாகவும் தோட்டங்களாகவுமே இருந்தன. ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட், ஃபின்ச்லி வழியாக எட்ஜ்வேர் வரை செல்லும் ரயில் பாதை 1867 ஆகஸ்ட் 22ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே அதனைக் கிரேட் நார்தர்ன் ரயில்வே நிறுவனம் தன்வசப்படுத்தியிருந்தது. 1872இல் ஹை பார்னட்டுக்கு ஒரு கிளை அமைந்தது.

அடுத்த கிளைக்குக் காரணம் ஒரு கேளிக்கை மாளிகை. தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மாளிகைக்குப் போட்டியாக, மஸ்வெல் ஹில் குன்றின் மீது அலெக்சாண்ட்ரா பேலஸ் கட்டப்பட்டது. மாளிகையும், ஹைகேட்டிலிருந்து அதன் வாசல் வரை செல்லும் ரயில் பாதையும் 1873 மே 24ஆம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்டன. முதல் இரு வாரங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மாளிகைக்கு வந்தனர். ஆனால் 16 நாட்களில், ஜூன் 9ஆம் தேதி, தீ விபத்தில் மாளிகை அழிந்தது. ஏற்றிச் செல்ல ஆளின்றிப் போன ரயில் சேவையும் சில வாரங்களில் நிறுத்தப்பட்டது. 1875 மே 1ஆம் தேதி மாளிகை மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் ரயிலும் திரும்பி வந்தது.

அதன்பின் வந்த கால் நூற்றாண்டில் மாளிகையின் நிதி நெருக்கடியே பாதையின் தலைவிதியாகவும் இருந்தது. மாளிகை மூடப்படும்போதெல்லாம் பாதையும் மூடப்பட்டது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிய கடையின் நிலை அது.

புறநகர் வந்தது

இந்த நிலையை மாற்றியது வீட்டு மனை. 1896 முதல் ஜேம்ஸ் எட்மண்ட்சன் போன்ற கட்டட ஒப்பந்தக்காரர்கள் மஸ்வெல் ஹில் பகுதியில் காணிகளை வாங்கி, அகன்ற வீதிகளையும், கடைத்தெருக்களையும், செங்கல் வீடுகளையும் கட்டத் தொடங்கினர. சுமார் 20 ஆண்டுகளில் ஒரு கிராமம் புறநகராக மாறியது. நகரின் மையத்தில் வேலை செய்த எழுத்தர்களும் வணிகர்களும் இங்கு குடியேறினர்.

அலெக்சாண்ட்ரா பேலஸ் பொதுமக்களுக்கென ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைக்கப்படுவதற்கான சட்டம் 1900இல் நிறைவேறியது. 1902இல் கிரான்லி கார்டன்ஸ் நிலையம் திறக்கப்பட்டது. விடுமுறை நாள் கூட்டத்துக்காகக் கட்டப்பட்ட பாதை, காலையும் மாலையும் அலுவலகம் செல்வோரின் பாதையானது. அதுவரை தனி நிறுவனமொன்றுக்குச் சொந்தமாக இருந்த இக்கிளையை 1911இல் கிரேட் நார்தர்ன் நிறுவனம் விலைக்கு வாங்கியது.

ஆனால் போட்டியும் அதே பத்தாண்டில் வந்துவிட்டது. 1906இல் பிக்கடில்லி நிலத்தடிப் பாதை ஃபின்ஸ்பரி பார்க் வரையும், 1907இல் இன்னொரு நிலத்தடிப் பாதை இன்றைய ஆர்ச்வே நிலையம் வரையும் வந்தன. மின்சார டிராம் வண்டிகளும், பின்னர் மோட்டார் பேருந்துகளும் குன்றுகளின் அடிவாரத்தையும் உச்சியையும் எட்டின. நீராவி எஞ்சின் இழுத்த ரயில் அவற்றின் முன் மெதுவானதாகவும் புகை மிக்கதாகவும் தெரிந்தது. பாதை பிழைக்க வேண்டுமானால் அதை மின்மயமாக்க வேண்டும் என்பது 1920களிலேயே தெளிவாகியிருந்தது.

1935ஆம் ஆண்டுத் திட்டம்

லண்டனின் பேருந்து, டிராம், நிலத்தடி ரயில் ஆகியவை 1933இல் ஒரே பொது வாரியத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 1935இல் அந்த வாரியமும் முக்கிய ரயில் நிறுவனங்களும் அரசின் கடன் உத்தரவாதத்துடன் ஒரு பெரும் விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தன. அதன் ஒரு பகுதியாக, எட்ஜ்வேர், ஹை பார்னட், அலெக்சாண்ட்ரா பேலஸ் ஆகிய மூன்று நீராவிக் கிளைகளும் மின்மயமாக்கப்பட்டு நார்தர்ன் நிலத்தடிப் பாதையுடன் இணைக்கப்பட இருந்தன.

இதன்படி, நகரின் வணிக மையமான மூர்கேட்டிலிருந்து புறப்படும் மின்சார ரயில், ஃபின்ஸ்பரி பார்க்கில் நிலத்தடியிலிருந்து மேலே ஏறி, ஹைகேட் வழியாக அலெக்சாண்ட்ரா பேலஸ் வரை நேராகச் செல்லும். எட்ஜ்வேருக்கு அப்பால் புஷி ஹீத் வரை வயல்வெளியில் ஒரு புதிய பாதையும் திட்டமிடப்பட்டது.

பணிகள் விரைவாகவே நடந்தன. 1939 ஜூலையில் நார்தர்ன் ரயில் ஈஸ்ட் ஃபின்ச்லியையும், 1940 ஏப்ரலில் ஹை பார்னட்டையும் அடைந்தது. 1941 ஜனவரியில் ஹைகேட்டின் ஆழ்நிலையம் திறக்கப்பட்டது. அதன் மேலே, அலெக்சாண்ட்ரா பேலஸ் ரயில்களுக்கென நடைமேடையும் புதிதாகக் கட்டப்பட்டது. அந்தக் கிளையிலும் மின்சாரப் பணிகள் தொடங்கியிருந்தன. இரண்டாம் உலகப் போர் அவற்றை நிறுத்தியது.

போரும் ஒரு படைமுகாமும்

போர் எல்லாவற்றையும் ஒரே விதமாக நிறுத்திவிடவில்லை. எட்ஜ்வேர் கிளையில் மில் ஹில் ஈஸ்ட் நிலையத்துக்கு அருகே இராணுவ முகாம் ஒன்று இருந்தது. படையினரின் போக்குவரத்துக்குத் தேவை என்ற காரணத்தால், அந்த நிலையம் வரையிலான பகுதி மட்டும் மின்மயமாக்கப்பட்டு 1941 மே 18ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் எட்ஜ்வேர் வரையிலான பகுதியில், மின்மயமாக்கும் பணிக்கென 1939 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட பயணிகள் சேவை பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை.

அலெக்சாண்ட்ரா பேலஸ் கிளைக்கு அத்தகைய அவசரத் தேவை எதுவும் இருக்கவில்லை. அங்கு நீராவி ரயிலே தொடர்ந்தது. அதுவும் 1942 முதல் அலுவலக நேரங்களில் மட்டுமே ஓடும் சேவையாகக் குறைக்கப்பட்டது. பயணிகளில் பெரும்பாலோர் ஃபின்ஸ்பரி பார்க்கில் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது.

மில் ஹில் ஈஸ்ட் கிளை இன்றும் இயங்குகிறது. ஒரே நிலையத்தைக் கொண்ட, பயணிகள் குறைவான அந்தத் துண்டு நிலைத்துவிட, ஒரு முழுப் புறநகருக்குச் சேவை செய்த கிளை மறைந்துவிட்டது. இரண்டில் எதற்குப் பயணிகள் அதிகம் என்ற ஒப்பீட்டால் இது தீர்மானிக்கப்படவில்லை. 1941இல் எதில் வேலை முடிந்திருந்தது, எதில் முடியவில்லை என்பதே தீர்மானித்தது.

தற்காலிகம் நிரந்தரமான விதம்

போர் முடிந்தபோது நாட்டில் பணமும் எஃகும் தட்டுப்பாடாக இருந்தன. முன்னுரிமை சென்ட்ரல் பாதையின் விரிவாக்கத்துக்குக் கிடைத்தது. அது 1946 முதல் 1949 வரை கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டது. வடக்குக் குன்றுகளின் பணிகள் தள்ளிவைக்கப்பட்டன.

இதற்கிடையே திட்டத்தின் அடிப்படைக் கணக்கும் மாறியிருந்தது. லண்டனைச் சுற்றியுள்ள திறந்த வெளியைப் பாதுகாக்கும் பசுமை வளையக் கொள்கை காரணமாக, புஷி ஹீத் பாதையை ஒட்டி எதிர்பார்க்கப்பட்ட புதிய வீடுகள் இனி கட்டப்பட மாட்டா என்ற நிலை உருவானது. வீடுகள் இல்லையென்றால் பயணிகளும் இல்லை. எனவே அந்த நீட்டிப்பைக் கைவிட்டதில் நியாயம் இருந்தது.

மஸ்வெல் ஹில்லின் நிலை அதுவல்ல. அங்கு வீடுகள் அரை நூற்றாண்டாக இருந்தன. பசுமை வளையம் அவற்றைத் தொடவில்லை. ஆனால் இரண்டும் ஒரே திட்டப் பொதியில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றின் காரணம் வலுவிழந்தபோது, மற்றதும் சேர்ந்தே பின்தள்ளப்பட்டது.

இந்தக் காத்திருப்பில் பயணிகள் என்ன செய்தார்கள் என்பதே கதையின் மையம். காலையிலும் மாலையிலும் மட்டும் ரயில் ஓடினால், நடுப்பகலில் வீடு திரும்ப வேண்டியவர் பேருந்தைத்தான் நாட வேண்டும். பின்னர் போகும்போதும் அதையே நாடுவார். இப்படி ஒவ்வொருவராக விலக, ரயிலின் வருவாய் குறைந்தது. குறைந்த வருவாயைக் காட்டிச் சேவையை மேலும் சுருக்குவது எளிதானது.

1951 அக்டோபர் 29ஆம் தேதி, நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டிச் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1952 ஜனவரி 7ஆம் தேதி மீண்டும் தொடங்கியபோது, பழைய பயணிகளில் ஒரு பகுதியினர் திரும்பி வரவில்லை. 1954இல் மின்மயத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 3ஆம் தேதி, சனிக்கிழமை, கடைசிப் பயணிகள் ரயில் ஓடியது.

மூடலை ஆதரித்தவர்களின் வாதத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். பாதையின் இரு புறமும் பெருமளவு காடும் பூங்காவுமாக இருந்ததால், நிலையங்களைச் சுற்றி முழு வட்டமாக வீடுகள் அமையவில்லை. மஸ்வெல் ஹில்லிலிருந்து ஃபின்ஸ்பரி பார்க்குக்குப் பேருந்து நேர் வழியில் செல்ல, ரயில் ஹைகேட் வழியாகச் சுற்றிச் சென்றது. மின்மயமாக்கியிருந்தாலும் பெரும் இலாபம் கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அது ஒருபோதும் சோதித்துப் பார்க்கப்படவில்லை. முழுச் சேவை அளிக்கப்பட்ட மின்சாரப் பாதையின் கணக்கு அல்ல, அரை நாள் நீராவிச் சேவையின் கணக்கே தீர்ப்புக்கு ஆதாரமாயிற்று.

கைமாறிய நிலம்

பயணிகள் ரயில் நின்ற பின்னும் பாதை உடனே மறையவில்லை. மஸ்வெல் ஹில்லுக்குச் சரக்கு ரயில்கள் 1956 வரையும், கிரான்லி கார்டன்சுக்கு நிலக்கரி வண்டிகள் 1957 வரையும் சென்றன. ஃபின்ஸ்பரி பார்க்குக்கும் ஹைகேட்டுக்கும் இடையே, காலியான நிலத்தடி ரயில் பெட்டிகளைப் பணிமனைக்குக் கொண்டு செல்ல 1970 வரை தண்டவாளம் பயன்பட்டது. அதன் பின்னரே அது பெயர்க்கப்பட்டது.

அடுத்து வந்தது நிலத்தின் பங்கீடு. மஸ்வெல் ஹில் நிலையம் இருந்த இடத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி எழுந்தது. அலெக்சாண்ட்ரா பேலஸ் நிலையக் கட்டடம் சமூக நிலையமாகியது. எஞ்சிய பாதை 1984இல் பார்க்லேண்ட் வாக் என்ற பெயரில் நடைபாதையாக முறைப்படி திறக்கப்பட்டது. 1980களின் இறுதியில் அதன் மீது நெடுஞ்சாலை அமைக்கும் யோசனை எழுந்தபோது அப்பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 1990இல் அந்த யோசனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு அது உள்ளூர் இயற்கைக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

இன்று அந்த வழியில் நடப்பவர்கள் கிரவுச் எண்ட் நிலையத்தின் நடைமேடைகளுக்கு நடுவே செல்கிறார்கள். மஸ்வெல் ஹில்லில் 17 வளைவுகள் கொண்ட பாலத்தின் மீது நின்றால் லண்டன் நகரம் முழுவதும் விரிந்து தெரிகிறது. சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பசுமை வழியை விட்டுக்கொடுக்க அப்பகுதி மக்கள் விரும்புவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ரயில் திரும்ப வேண்டும் என்று கோருபவர்கள் சந்திக்கும் முதல் தடை பணமல்ல, இந்த நடைபாதையின் மீதான பற்றுதான்.

மஸ்வெல் ஹில்லுக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து ஃபின்ஸ்பரி பார்க்குக்குச் செல்வோர் டபிள்யூ 7 பேருந்தில் ஏறுகின்றனர். அலெக்சாண்ட்ரா பேலஸ் என்ற பெயரில் இப்போது உள்ள ரயில் நிலையம், குன்றின் அடிவாரத்தில் வேறொரு பாதையில் இருந்த வூட் கிரீன் நிலையமே. 1982இல்தான் அதற்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது.

உலகின் பல நகரங்களில் புறநகர் ரயில் சேவைகள் இப்போதும் குறைக்கப்பட்டு வருகின்றன. "தற்காலிகம்" என்ற சொல் அவற்றின் அறிவிப்புகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. வட லண்டன் கிளைப்பாதையின் அனுபவம் காட்டுவது இதுதான்: ஒரு பாதையை மூடும் முடிவு ஆவணத்தில் கையெழுத்தாகும் நாளுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அது கால அட்டவணையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. மஸ்வெல் ஹில் மக்களைப் பொறுத்தவரை அந்த நாள் 1954இல் அல்ல, நடுப்பகல் ரயில்கள் நிறுத்தப்பட்ட 1942இலேயே வந்துவிட்டது. அப்போது அதை மூடல் என்று யாரும் அழைக்கவில்லை.